அல்வாவும் மல்லிகையும்: மதுரை முதல் தூத்துக்குடி வரை தம்பதியர் தேடிச் சுவைக்கும் ஊர்ப் பண்டங்கள்

தென்மாவட்டத்து மிட்டாய்க்கடைப் பண்டங்களை வீட்டுப் பெண்கள் நெடுங்காலம் பொட்டலமாகவே அறிந்திருந்தார்கள். வேலை முடிந்து திரும்பும் கணவன் அல்வாப் பொட்டலமும் மல்லிகைச் சரமும் வாங்கி வருவது குடும்ப வழக்கம். கதைகளும் திரைப்படங்களும் அதைத் தாம்பத்தியத்தின் அடையாளமாகவே ஆக்கிவிட்டன. ஆனால், பொட்டலத்தைப் பிரித்தவர் அந்த அல்வா கிண்டப்பட்ட அடுப்பையோ, எடைபோட்டுக் கொடுத்த கடையையோ பார்த்திருக்க மாட்டார். கிளப்புக்கடை என்று அழைக்கப்பட்ட அக்காலத்து உணவகம் ஆண்கள் கூடும் இடமாக இருந்தது. பிற்காலத்தில் வந்த உணவகங்கள் பெண்களுக்கென்று திரைச்சீலையோ பலகைத் தடுப்போ வைத்து, ‘ஃபேமிலி ரூம்’ என்று எழுதிய தனி அறையை ஒதுக்கின.

இன்று கணவனும் மனைவியும் சேர்ந்தே கடை தேடிப் போகிறார்கள். பொட்டலம் வந்த திசையில் இருவரும் புறப்படுகிறார்கள் என்பது சின்ன மாற்றமாகத் தெரியலாம். வீட்டுச் சமையலையும் கடைச் சமையலையும் ஒருங்கே அறிந்த நாக்கு இப்போதுதான் அடுப்பின் அருகில் வந்து நிற்கிறது. அப்படிப் போகிறவர்களுக்கு மதுரையில் தொடங்கி விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாகத் தூத்துக்குடியில் முடியும் பாதை மிகவும் பொருத்தமானது. மொத்தத் தூரம் 300 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஏழு ஊர்களிலும் ரயில் நிலையம் உண்டு. மூன்று நாள் போதும்.

ஊருக்கு ஒரு பண்டம் ஏன்?

ஒரு பண்டம் ஒரு ஊரில் நிலைப்பதற்கு மண், தண்ணீர், சந்தை, கோயில், துறைமுகம் ஆகிய ஐந்தில் ஒன்றாவது காரணமாக இருக்கும். கரிசல் மண்ணில் மானாவாரியாக விளையும் நிலக்கடலை கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாயைத் தந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மாடுகளின் பாலும், ஆண்டாள் கோயிலுக்கு வரும் கூட்டமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவை வளர்த்தன. எண்ணெய்க்கும் மிளகாய் வற்றலுக்கும் பேர்போன விருதுநகர்ச் சந்தையைச் சுற்றி எண்ணெயும் காரமும் மிகுந்த பலகாரங்கள் பெருகின. தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்த ஐரோப்பியப் பண்டம், உள்ளூர் முந்திரிப் பருப்பைச் சேர்த்துக்கொண்டு மக்ரூன் ஆயிற்று.

ஊரோடு பிணைந்த இந்தத் தொடர்புக்குச் சட்டம் தரும் அங்கீகாரமே புவிசார் குறியீடு. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு முறை பெற்ற பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019-இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கு 2023-இலும் இந்தக் குறியீட்டைப் பெற்றன. பொட்டலத்தோடு கூட வந்த மதுரை மல்லி இவற்றுக்கெல்லாம் முன்பே, 2013-இல் பெற்றுவிட்டது. குறியீடு பெயரைக் காக்கும். ருசியைக் காப்பது அடுப்படியில் நிற்பவரின் கை.

மதுரை: பொழுது சாய்ந்த பின்

மதுரையைப் பகலில் கோயிலுக்காகவும், பொழுது சாய்ந்த பின் தெருவுக்காகவும் வைத்துக்கொள்வது நல்லது. தூங்கா நகரம் என்ற பெயருக்கு ஏற்ப, இரவு நெடுநேரம் வரை இங்கே இட்லிக்கடைகளில் ஆவி பறக்கும்.

மாலையில் முதலில் தேட வேண்டியது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவு கரைத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் காய்ச்சுகிறார்கள். மேலே தேங்காய்ப்பூ தூவித் தள்ளுவண்டியில் சுடச்சுட விற்கிறார்கள். இருமலுக்கும் சளிக்கும் வீட்டில் காய்ச்சிக் கொடுத்த பானம் தெருவுக்கு வந்து நிலைத்திருக்கிறது.

ஜிகர்தண்டா இதற்கு நேர் எதிர்த் துருவம். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த கடற்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று அடுக்கடுக்காகச் சேர்வது அது. ‘ஜிகர்’, ‘தண்டா’ இரண்டும் உருதுச் சொற்கள்; நெஞ்சைக் குளிர்விப்பது என்று பொருள் கொள்ளலாம். விளக்குத்தூண் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. பாலைச் சுண்டக் காய்ச்சுவதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம் வருகிறது. பால் குறைந்து சர்பத் கூடினால் நிறம் மட்டும் மிஞ்சும்.

அசைவம் உண்பவர்களுக்குக் கறிதோசை உண்டு. தோசைக்கல்லில் மாவை ஊற்றி, முட்டையைப் பரப்பி, மசாலாவில் வெந்த ஆட்டுக்கறியை மேலே இட்டுத் திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒன்று இருவருக்குத் தாராளமாகப் போதும்.

விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் ஊர். கல்லில் போட்டுத் திருப்பி எடுக்கும் வழக்கமான பரோட்டாவிலிருந்து இது வேறுபட்டது. குழிவான கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, பரோட்டா அதில் மிதந்து பொன்னிறமாகப் பொரியும். விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி இதழ் இதழாகவும் இருக்க வேண்டும். பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிய உடனே சாப்பிட்டால்தான் அந்த மொறுமொறுப்பு நிற்கும். பார்சல் கட்டிப் போனால் ஊறிவிடும். கடைகள் மாலையில்தான் களைகட்டும்.

விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லலாம். ஆண்டாள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் பால்கோவாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கமும் இங்கே பால்கோவா தயாரித்து விற்கிறது. செய்முறையில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. பாலும் சர்க்கரையும் மட்டுமே சரக்கு. அகன்ற வாணலியில் பாலை ஊற்றி, விறகடுப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் துடுப்பால் இடைவிடாமல் கிண்டுவார்கள். பால் சுண்டிச் சுண்டிக் கெட்டிப்பட்டு, சர்க்கரை இளஞ்சிவப்பாகக் கருகும் தருணத்தில் இறக்குகிறார்கள். அந்தத் தருணம் தப்பினால் கோவா இறுகிக் கல்லாகிவிடும். முந்தினால் பச்சைப்பால் வாடை போகாது. வேறு ஊரில் இதே அளவில் செய்தாலும் ருசி மாறுவதற்குப் பால்தான் காரணம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

காலையில் கறந்த பால் அன்றே அடுப்பேறுகிறது. எனவே இளஞ்சூட்டோடு வாங்க விரும்புகிறவர்கள், எப்போது வாணலி இறங்கும் என்று கடையில் கேட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்வருவது வழக்கம்.

சாத்தூர், கோவில்பட்டி

சாத்தூரின் பெயரைச் சொன்னாலே காராச்சேவு நினைவுக்கு வரும். கடலை மாவும் அரிசி மாவும் கலந்து, மிளகாயும் பூண்டும் அரைத்துச் சேர்த்துப் பிசைவார்கள். கொதிக்கும் எண்ணெய்க்கு மேல் துளையிட்ட தட்டைப் பிடித்து, மாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க, சேவு விரல் நீளத்துக்கு விழும். கைச்சேவு ஒன்றுபோல் மற்றொன்று இராது. இயந்திரத்தில் பிழிந்ததோ அளவெடுத்தாற்போல் ஒரே சீராக வரும். வேறுபாட்டைக் கண்ணே சொல்லிவிடும்.

இந்த வட்டாரத்தின் மற்றொரு சிறப்பு கருப்பட்டி மிட்டாய். பச்சரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் வளையங்களாகப் பிழிந்து பொரித்து, கருப்பட்டிப் பாகில் ஊறவைக்கிறார்கள். பார்வைக்கு ஜிலேபியை ஒத்திருந்தாலும் அதைவிடத் தடிமனானது. கடித்தால் பாகு வாயில் வடியும். சீனிப்பாகில் ஊறிய வெள்ளை வகையும் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும். திருவிழாக் காலங்களில் கோயில் வாசல்தோறும் இந்தக் கடைகள் முளைக்கும்.

சாத்தூரிலிருந்து கோவில்பட்டி அரைமணி நேரப் பயணம். மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் இடைசெவல் இந்த ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. கரிசல்காட்டு மனிதர்களும் அவர்களுடைய தீனியும் இலக்கியத்தில் ஏறியது அவர் கைவழியாக. கடலை மிட்டாய் தொடக்கத்தில் கருப்பட்டியில் செய்யப்பட்டு, பிறகு வெல்லத்துக்கு மாறியது. கடலையை வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்துச் சலித்து வைப்பார்கள். வெல்லப்பாகு சரியான பதத்துக்கு வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகைமேல் பரப்பி, உருளையால் சமன்செய்து, ஆறுவதற்குள் வெட்டுவார்கள். மேலே வண்ணம் ஏற்றிய தேங்காய்த் துருவல் தூவுவது இந்த ஊருக்கே உரிய முத்திரை. பாகு இளகலாக இருந்தால் பல்லில் ஒட்டும். முற்றினால் பல்லை உடைக்கும். நல்ல கடலை மிட்டாய் ஒரே கடியில் ‘படக்’கென்று முறியும்.

திருநெல்வேலி: அல்வாவும் சொதியும்

நெல்லை அல்வாவின் வரலாறு வடக்கிலிருந்து தொடங்குகிறது. ஜமீன்தார் ஒருவரின் அழைப்பில் ராஜஸ்தானத்திலிருந்து வந்த சமையற்காரக் குடும்பத்தினர் இங்கே அல்வாவைப் பழக்கினார்கள் என்பது ஊரில் வழங்கும் செய்தி. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் உள்ள இருட்டுக்கடை அந்த மரபில் வந்ததே. மங்கிய வெளிச்சத்தில் நடந்த வியாபாரத்தைப் பார்த்து ஊரார் வைத்த பெயர் அது. மாலையில் திறப்பார்கள், அதற்கு முன்பே வரிசை நின்றுவிடும்.

சம்பா கோதுமையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, தெளிய விடுவதில் வேலை ஆரம்பமாகிறது. சர்க்கரைப் பாகில் கோதுமைப்பாலை ஊற்றிக் கிண்டத் தொடங்கினால் மணிக்கணக்கில் கை ஓயக்கூடாது. நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் உள்ளே போன நெய்யை அல்வா வெளியே கக்கத் தொடங்கும். அதுவே பதத்தின் அடையாளம். செம்பழுப்பு நிறம் சர்க்கரை கருகுவதால் வருவது, சாயத்தால் வரக்கூடாது. தாமிரபரணித் தண்ணீரே இந்த ருசிக்குக் காரணம் என்று நெல்லைக்காரர்கள் ஒருமுகமாகச் சொல்வார்கள்.

அல்வாவை எடைபோட்டு, வாழையிலைத் துண்டில் வைத்துச் சூடாகக் கொடுக்கும் கடைகள் இங்கே பல. 100 கிராம் வாங்கி இருவரும் நின்றபடியே சாப்பிடலாம். விரலில் நெய் வழிய வேண்டும், பிசுபிசுப்பு ஒட்டக்கூடாது. தொண்டையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குவதே நெல்லை அல்வாவின் இலக்கணம்.

திருநெல்வேலியில் தம்பதியருக்கென்றே பிறந்த சாப்பாடு ஒன்று இருக்கிறது. சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் பரிமாறுவது சொதி. பாசிப்பருப்பு வேகவைத்து, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போன்ற காய்களைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து இறக்குவார்கள். முதற்பால், இரண்டாம்பால், மூன்றாம்பால் என்று பிரித்தெடுத்து, மூன்றாம்பாலில் காயை வேகவைத்து, முதற்பாலைக் கடைசியில் சேர்ப்பதில் இருக்கிறது பக்குவம். தேங்காய்ப்பாலின் மந்தத்துக்கு மாற்றாக இஞ்சித் துவையல் கட்டாயம். நகரின் சில உணவகங்கள் இதைக் குறிப்பிட்ட நாட்களில் பரிமாறுகின்றன. முன்னதாகக் கேட்டு வைத்துக்கொண்டு போவது உத்தமம்.

தூத்துக்குடியும் கடற்கரையும்

நெல்லையிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியரோடு சேர்த்துச் சொல்லப்படும் பண்டம் மக்ரூன். ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்யப்பட்டது, இங்கே முந்திரிக்கு மாறியது. அந்த முந்திரி மரத்தையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்களே. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை கெட்டிப்படும்வரை அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் சுருள் சுருளாகப் பிழிகிறார்கள். அடுப்பின் அனல் தணிந்த பிறகு உள்ளே வைத்தால், மிதமான சூட்டில் இரவு முழுவதும் உலர்ந்து மொறுமொறுப்பாகும். வாயில் வைத்ததும் கரையும். ஈரக்காற்று இதற்குப் பகை. அடைமழை நாளில் வாங்கினால் டப்பாவைத் திறந்து வைக்கக்கூடாது. முட்டை சேர்ந்தது என்பதைச் சைவ உணவுக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இன்னும் ஒரு நாள் கையிருப்பில் இருந்தால் கடற்கரையோரம் நீளலாம். தெற்கே உடன்குடியில் பனங்கருப்பட்டியும், சுக்கும் ஏலக்காயும் சேர்ந்த சில்லுக்கருப்பட்டியும் கிடைக்கும். வடக்கே கீழக்கரையில் அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, முந்திரி சேர்த்துக் கிண்டும் தொதல் கிடைக்கும். இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ‘தொதொல்’, ‘டோடோல்’ என்று வழங்கும் பண்டத்தின் உறவு அது. தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களின் கடல் வணிகத்தை நாக்கில் உணர்த்துகிறது.

கடை தேடும் முறை

ஊர் தெரிந்தால் போதாது. கடையும் நேரமும் தெரிய வேண்டும். “இங்க எந்தக் கடை நல்ல கடை?” என்று கேட்டால் பிரபலமான பெயரே பதிலாக வரும். “நீங்க எங்க வாங்குவீங்க?” என்று ஆட்டோ ஓட்டுநரிடமும் பூக்கடைக்காரரிடமும் கேட்டால் வேறு சந்துக்கு வழி கிடைக்கும்.

கடைவாசலில் சில அடையாளங்களைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு பண்டம் மட்டும் விற்கும் கடையில் சரக்கு தேங்காது. அடுப்பு கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் மறைப்பதற்கு எதுவும் இல்லை என்று பொருள். தட்டு காலியாகக் காலியாகப் புதுச்சரக்கு வருகிறதா என்பதைப் பத்து நிமிடம் நின்றால் அறியலாம். பொரித்த பண்டமானால் எண்ணெயின் நிறமும் வாடையும் உண்மையைச் சொல்லும். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிவரை உண்ணலாம் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் விதி கொண்டுவரப்பட்டது. அச்சடித்த செய்தித்தாளில் உணவைப் பொதிவது உடலுக்குக் கேடு. மையில் உள்ள நச்சு எண்ணெயோடு சேர்ந்து இறங்கும். வாழையிலையும் தொன்னையும் போட்டுத் தரும் கடையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இருவர் போவதன் பயன்

தனியாகப் போகிறவரின் வயிறு இரண்டு கடையில் நிரம்பிவிடும். பெருங்கூட்டமாகப் போனால் சின்னக் கடையில் நிற்க இடம் இராது. இருவர் என்பது சரியான அளவு. எதை வாங்கினாலும் ஒன்றே வாங்கிப் பங்கிட்டால், ஒரு மாலையில் நான்கு கடைகளின் ருசி தெரியும். ஒருவருக்குக் காரம் பிடிக்கும், மற்றவருக்கு இனிப்பு பிடிக்கும். ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பதை மற்றவருக்காகச் சுவைத்துப் பார்ப்பார். திருமணமான புதிதில் மற்றவரின் வீட்டுச் சமையலைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும் இருவருக்கும், இரு வீட்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ருசி பொதுச் சொத்தாகிறது. ‘அன்றைக்கு அந்தக் கடையில்’ என்று பின்னாளில் தொடங்கும் பேச்சு அங்கேதான் உருவாகிறது.

அடுப்படியின் கேள்விகளையும் பெண்கள் கொண்டுவருகிறார்கள். பாகு எந்தப் பதத்தில் இறக்கப்பட்டது, கோதுமை எத்தனை மணி நேரம் ஊறியது என்று கேட்டால், சரக்கு மாஸ்டர் முகம் மலர்ந்து பதில் சொல்வார். அவருடைய வேலையை அறிந்து கேட்பவர்கள் குறைவு. விறகடுப்பின் முன் நின்று வாணலியில் துடுப்பு போடுவது தோளையும் இடுப்பையும் வாங்கும் உழைப்பு. முறுக்கு சுற்றுவது, கடலை தோல் நீக்குவது, பொட்டலம் கட்டுவது போன்ற வேலைகளில் பெண்களின் கை பெரும்பங்கு வகிக்கிறது. கைப்பண்டத்தின் விலை இயந்திரப் பண்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இந்த உழைப்பே காரணம். அங்கே பேரம் பேசுவது முறையாகாது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பெண்களும் வரத் தொடங்கிவிட்ட பிறகும் பல கடைகளில் அவர்களுக்கான வசதி வரவில்லை. கை கழுவத் தண்ணீர், உட்கார ஒரு பெஞ்சு, அருகில் சுத்தமான கழிப்பறை ஆகிய மூன்றும் இல்லாததால் பயணத்தைச் சுருக்கிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். பண்டத்தால் பெயர் பெற்ற ஊர்கள் கடைவீதிகளில் பொதுக் கழிப்பறைகளைக் கட்டி, அவற்றைச் சுத்தமாகவும் வைத்திருந்தால், வருகிறவர்களின் எண்ணிக்கையும் வியாபாரமும் சேர்ந்தே உயரும்.

வீட்டுக்கு வாங்கி வருவது

கடலை மிட்டாய் காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் கெடாது. காராச்சேவும் மக்ரூனும் ஈரம் படாவிட்டால் தாங்கும். நெய் குறையாத அல்வா பல நாள் நிற்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் நெய் உறைந்து இறுகுமாகையால் வெளியே வைத்து உண்பதே நல்லது. பால்கோவாவைச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பரோட்டா, பருத்திப்பால், ஜிகர்தண்டா ஆகியவற்றை அந்தந்த இடத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பத்திரமாகக் கட்டினாலும், வாணலி இறங்கிய சூட்டில் உள்ள ருசி பொட்டலத்தில் ஏறாது. ஆகவே முதல் 100 கிராமை இலையில் வாங்கி, இருவரும் கடைவாசலிலேயே சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் கட்டச் சொல்வதே சரியான முறை.